பொருளை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் நேசிக்க முடியுமா?

4 நவம்பர் 2023

வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவர் எழுதியது இது:

“பிடித்த சொல் எது என்று கேட்டால் அம்மா, மழலை, அமுது, நிலா என்றுதான் எல்லோரும் அடுக்குகிறார்கள். அம்மாவைப் பிடிக்கும், ஆகையால் அந்தச் சொல்லும் பிடிக்கிறது. நிலாவும் அப்படியே. பொருளை எடுத்துவிட்டால் சொல்லில் நேசிப்பதற்கு என்ன மிஞ்சும்? கக்கூஸ் என்ற சொல் எனக்குப் பிடிக்கும் என்று எவராவது சொல்லட்டும், நான் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன்.”

4 நவம்பர் 2023, இரவு

எனக்குப் பிடித்த சொல் ‘இங்ஙனம்’. முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியே பிழைத்தவன் நான். அவற்றில் முதல் பத்தாண்டுகள் ஈய அச்சுக் காலத்தில் கழிந்தன. அச்சுக்கோப்பவரின் எதிரே சாய்வாக நிற்கும் மரப்பெட்டியில் எழுத்துக்கு ஓர் அறை உண்டு. க, த, ம இருந்த அறைகளின் விளிம்புகள் விரல் பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகியிருக்கும். புள்ளி வைத்த ங் இருந்த அறையும் அப்படித்தான், ஏனென்றால் ‘அங்கே’, ‘தங்கள்’, ‘நீங்கள்’ என்று அதற்கு ஓயாத வேலை. புள்ளியில்லாத ங இருந்த அறையில் மட்டும் தூசி படிந்திருக்கும். ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பத்திரிகை வேலை வந்து குவியும்போதுதான் அந்த அறைக்குள் விரல் போகும். பத்திரிகையின் அடியில், தங்கள் நல்வரவை விரும்பும் இன்னார் என்பதற்கு மேலே, ‘இங்ஙனம்’ என்று போட வேண்டும். எங்கள் கம்பாசிட்டர் அறையை ஒரு முறை வாயால் ஊதிவிட்டு அந்த எழுத்தை எடுப்பார். அந்த ஊதலுக்காகவே அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று.

‘இவ்வாறு’ என்ற அதன் பொருளில் நேசிக்க ஒன்றுமில்லை. அச்சகத்துக்குப் போவதற்கு முன் அந்தச் சொல்லோடு எனக்கு எந்த உறவும் கிடையாது. ஆகவே வாசகரின் கூற்று தவறு.

5 நவம்பர் 2023

நேற்று எழுதியதற்கு இலக்கணச் சான்றும் தந்துவிடுகிறேன். ஙகரம் மொழிக்கு முதலில் வருமா என்றால், தனியாக வராது. ஆனால் சுட்டெழுத்துகளுக்கும் யா, எ என்னும் வினாவெழுத்துகளுக்கும் பின்னே அகரத்தோடு சேர்ந்து வரும் என்று நன்னூல் ஒரு நூற்பாவே செய்து வைத்திருக்கிறது. அங்ஙனம், இங்ஙனம், உங்ஙனம், யாங்ஙனம், எங்ஙனம். இவ்வளவுதான் அதன் குடும்பம். தொல்காப்பியர் இந்தச் சலுகையையும் தரவில்லை. பவணந்தியார் இரக்கப்பட்டு ஓர் எழுத்துக்குத் திண்ணையில் இடம் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. ‘ஙப்போல் வளை’ என்று ஔவையார் பாடியதும் ஆத்திசூடியின் அகரவரிசையில் அந்த இடத்தை நிரப்ப வேறு வழி இல்லாததால்தான் இருக்க வேண்டும்.

ஒரே குடும்பத்தை நம்பிப் பிழைக்கும் எழுத்து அது. கல்யாணப் பத்திரிகையும் மனுவும் இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும்.

5 நவம்பர் 2023, மாலை

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். நாகர்கோவில்காரர் ஒருவர் நயமாகக் குட்டியிருக்கிறார். மலையாளத்தில் அங்ஙனெ, இங்ஙனெ, எங்ஙனெ என்ற சொற்கள் காலை முதல் இரவு வரை வாயில் புழங்குகின்றன. நாம் மாங்காய் என்பதை அவர்கள் மாங்ங என்றும், தேங்காய் என்பதைத் தேங்ங என்றும் சொல்கிறார்கள். நான் பட்டினி கிடப்பதாகப் பரிதாபப்பட்ட எழுத்து, செங்கோட்டையைத் தாண்டினால் மூன்று வேளையும் விருந்து சாப்பிடுகிறது. என் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். இருபது ஆண்டுகளாக அவர் தொலைபேசியில் “எங்ஙனெயுண்டு” என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டே தேநீர் குடித்திருக்கிறேன். எழுத்தில் தேடுகிறவனுக்குக் காது வேலை செய்யாது போலும்.

8 நவம்பர் 2023

‘சும்மா’ என்று எழுதியவர்கள் நால்வர். அந்தச் சொல்லுக்குப் பதினைந்து பொருள் உண்டு என்று சுற்றும் செய்தி எனக்கும் மாதம் ஒரு முறை வந்துசேர்கிறது. வேறு எந்த மொழியிலும் இப்படி ஒரு சொல் இல்லை என்பது அதன் கடைசி வரி. மலையாளத்தில் சும்மா உண்டு, கன்னடத்தில் சும்மனே உண்டு, இரண்டும் ஏறக்குறைய இதே வேலைகளைத்தான் செய்கின்றன. நமக்கே உரியது என்று பெருமைப்பட வேண்டுமானால் அருணகிரிநாதரிடம் போகலாம். செம்மான், பெம்மான், சும்மா, அம்மா என்று எதுகையைக் கோத்துக்கொண்டே வந்து, ‘சும்மா இரு சொல்லற’ என்று முருகன் சொன்னதும் தமக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்று கந்தர் அனுபூதியில் முடிக்கிறார். சொல் அற்றுப்போ என்ற கட்டளையைச் சொல்ல அவருக்கு வாய்த்தது கடைத்தெருச் சொல்.

11 நவம்பர் 2023

கக்கூஸ் என்று சவால் விட்டவருக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். (அந்தச் சொல் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்றது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.) அதற்கு ஈடாக ‘அங்கணம்’ என்ற சொல்லை வைக்கிறேன்.

எங்கள் ஊர் தாமிரவருணிக் கரையில், ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய வீடுகளில் அடுக்களையின் மூலையில் இரண்டு முழச் சதுரத்துக்குக் கல் பாவி, முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, தண்ணீர் வெளியேறச் சுவரின் அடியில் ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். அதுதான் அங்கணம். பாத்திரம் துலக்குவது, அரிசி களைவது, கை கழுவுவது எல்லாம் அங்கே நடக்கும். சாம்பலும் தேங்காய் நாரும் ஒரு ஓரத்தில் கிடக்கும். கல்லிடுக்கில் எப்போதும் இரண்டு சோற்றுப் பருக்கைகள் ஊறிக்கொண்டிருக்கும், ஒரு கரப்பான் காத்திருக்கும், புளித்த கழுநீர் வாடை விட்டு விட்டு வீசும். அந்த இடத்தை எவரும் நேசிக்க முடியாது.

ஆனால் சொல்லுக்கு வயது ஈராயிரம் ஆகப்போகிறது. திருவள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (720) அதைக் கையாளுகிறார்: ‘அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால் தங்கணத்தர் அல்லார்முன் கோட்டி கொளல்.’ தம் இனத்தவர் அல்லாதவர் முன்னே பேசுவது அங்கணத்தில் கொட்டிய அமிழ்து போன்றது. உரைகாரர்கள் தூய்மையற்ற முற்றம் என்று பொருள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கல்லூரியில் இந்தக் குறளை நடத்திய பேராசிரியரும் சாக்கடை என்று சொல்லி நகர்ந்தார். எனக்கு மட்டும் எங்கள் வீட்டு அடுக்களை மூலை கண்முன் வந்து நின்றது. பொருள் நாறுகிறது, சொல் நாறவில்லை. வாசகர் ஒப்புக்கொள்ளலாம்.

12 நவம்பர் 2023

தீபாவளி அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நேற்றைய குறிப்பு நெருடியது. நான் எழுதியது முழு உண்மையாகாது. அங்கணத்தை நினைத்தால் முதலில் வருவது வாடை இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்க்கும் என் தாயாரின் முதுகுதான் வருகிறது. அவர் அங்கே இருந்ததால்தான் அந்தச் சொல் எனக்கு இனிக்கிறது என்றால் வாசகர் சொன்னதற்கே அது சான்றாகிவிடும்.

இங்ஙனம் மட்டும் இன்னும் என் பக்கம் நிற்கிறது.

12 நவம்பர் 2023, பகல்

எண்ணெய் என்றதும் ஒன்று. எள்ளின் நெய்தான் எண்ணெய். ஆகவே கணக்குப்படி பார்த்தால் தேங்காய் எண்ணெய் என்பது தேங்காயின் எள்நெய், மண்ணெண்ணெய் என்பது மண்ணின் எள்நெய். எள்ளிலிருந்தே வருகிற அசல் சரக்கோ தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள ‘நல்’ என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு நல்லெண்ணெய் என்று நிற்கிறது. குடும்பப் பெயரைத் தம்பிமார்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மூத்தவனின் கதை இது. சென்னைக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் ‘கிருஷ்ணாயில்’ வாங்கிவரச் சொன்னபோது, கோயிலில் கொடுக்கும் ஏதோ எண்ணெய் என்று நான் நினைத்ததையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

19 நவம்பர் 2023

1983ஆம் ஆண்டில் நான் செய்த ஒரு பிழையைச் சொன்னால்தான் மேற்கொண்டு எழுத முடியும்.

நெல்லைப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் கதைத்தொகுதி எங்கள் அச்சகத்துக்கு வந்தது. அதில் ‘காற்றடித்துக் கச்சலிலேயே ஒடிந்து விழுந்த வாழைகள்’ என்று ஒரு தொடர். கச்சல் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. கம்பாசிட்டர் ஓர் எழுத்தையும் ஒரு காலையும் விழுங்கிவிட்டார் என்று முடிவு செய்து, ஓரத்தில் கோடு இழுத்துக் ‘காய்ச்சலிலேயே’ என்று திருத்தினேன். அப்படியே அச்சாகி, தைத்து, அட்டையும் ஒட்டியாகிவிட்டது. பத்து நாள் கழித்து அஞ்சலட்டை வந்தது. வாழைக்குக் காய்ச்சல் கண்டால் எந்த வைத்தியரிடம் காட்டுவது என்று உங்கள் மெய்ப்புத் திருத்துநரைக் கேட்டுத் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார். முதலாளி அந்த அட்டையை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஓராண்டு அங்கேயே இருந்தது.

இதில் எனக்கு வெட்கம் எதுவென்றால், நான் வாழைக்காட்டு ஊரில் பிறந்தவன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் தாயாரிடம் கேட்டேன். “வாழப்பிஞ்ச பின்ன என்னன்னு சொல்லுவாவ? கச்சல்தான். நீ மெட்ராசுக்குப் போயி எல்லாத்தையும் பிஞ்சுன்னு படிச்சிட்டு வந்திருக்க” என்றார். பூ மடல் உரிந்து, விரல் பருமனுக்குக் காய் தெரியத் தொடங்கும் சில நாட்களுக்கு உரிய பெயர் அது. அந்த நாட்களில் காற்றடித்தால் ஒன்றுக்கும் ஆகாது, இன்னும் பத்து நாள் தாங்கிவிட்டால் கறிக்காவது ஆகும் என்ற விவசாயக் கணக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

பிறகு தேடிப் படித்தேன். மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, எள்ளுக்குக் கவ்வை, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, பாக்குக்கு நுழாய், வாழைக்குக் கச்சல் என்று தேவநேயப் பாவாணர் வரிசைப்படுத்தியிருக்கிறார். இவற்றில் வடு மட்டும் ஊறுகாய் ஜாடியின் புண்ணியத்தில் நகரத்திலும் பிழைத்துக் கிடக்கிறது. குரும்பையில் ஈர்க்குச்சியைச் செருகி வண்டி செய்யும் சிறுவர்கள் இருக்கும் வரை குரும்பையும் இருக்கும். மூசு என்ற சொல்லைப் பலாமரத்தடியில் நின்று நான் கேட்டதில்லை.

அந்தச் சொல் போனால் அந்தப் பருவம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே பதினெட்டு வயது வரை வளர்ந்தும், கச்சலைக் கச்சலாக நான் பார்த்தது 1984 பொங்கலில்தான்.

20 நவம்பர் 2023

கச்சல் என்ற சொல்லைக் ‘கேட்டதில்லை’ என்று எழுதியதை ‘கேட்டதாக நினைவில்லை’ என்று திருத்திக்கொள்ளவும். என் தாயார் அந்தச் சொல்லை என் காது படச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது.

26 நவம்பர் 2023

ழகரச் சொற்களை வரிசையாக அனுப்பியவர்களுக்கு: யாழ், குழல், மழை, அழகு எல்லாம் இனியவைதான். நானும் மெய்ப்பில் ‘வாளைப்பளம்’ என்று கண்டால் சினந்து திருத்தியவன்தான். ஆனால் வாய்ப்பேச்சில் எங்கள் ஊர்க்காரர்கள் பலரைப் போல் நானும் வாளப்பளம் என்றே சொல்கிறேன். இதைப் படிக்கும் என் பேத்தி சிரிப்பாள். இதற்கு மேல் ழகரத்தைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை.

3 டிசம்பர் 2023

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் தமக்குப் பிடித்த சொல்லாக ‘உது’ என்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். மூன்று நாட்களாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளியில் நாங்களும் அதை மனப்பாடம் செய்தோம். அது, இது என்பவற்றுக்கு எடுத்துக்காட்டு ஏராளம். உது என்று வரும்போது ஆசிரியர் ‘இப்போது வழக்கில் இல்லை’ என்று சொல்லி அடித்துவிடுவார். இலங்கையில் அது அடிபடவே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தால் இது, இருவருக்கும் தொலைவில் இருந்தால் அது, என்னிடம் இல்லாமல் உங்களிடம் இருந்தால் உது. “உதென்ன கையிலை?” என்று கேட்டால் கேட்பவர் கையில் இல்லை, கேட்கப்படுபவர் கையில் இருக்கிறது என்பது சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. உவன், உவள், உங்கே எல்லாம் இப்படியே. நான் ‘உங்க கையில இருக்கிற அது’ என்று சுற்றி வளைத்துச் சொல்வதை அவர் ஓரெழுத்தில் முடிக்கிறார்.

இதேபோல் கைநழுவிப்போன இன்னொரு மூன்று உண்டு. குறுந்தொகையின் நாற்பதாம் பாடல் எல்லோருக்கும் தெரியும்: ‘யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்.’ செம்புலப் பெயல்நீரில் எல்லோரும் நனைந்துவிடுவதால் முதலடியைக் கவனிப்பதில்லை. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் அவனுடைய அல்லது அவளுடைய தாய். தந்தைக்கும் எந்தை, நுந்தை, தந்தை. தம்பிக்கு எம்பி, உம்பி, தம்பி, கம்பனில் முதல் இரண்டையும் தாராளமாகக் காணலாம். உறவுச் சொல்லுக்குள்ளேயே உடையவர் யார் என்ற குறிப்பு இருந்த காலம் அது. என்னுடையதும் உன்னுடையதும் தேய்ந்து, மூன்றாமவருக்கு உரியது மட்டும் பொதுவில் நின்றுவிட்டது. என் தாய் என்று நான் எழுதும்போது பழைய கணக்கின்படி ‘என் அவனுடைய அம்மா’ என்று எழுதுகிறேன். எழுபத்து மூன்று வயதான என் அக்காள் என்னைத் தம்பி என்று கூப்பிடும்போது வேறு எவருடைய தம்பியையோ கூப்பிடுகிறார்.

கச்சலும் உதுவும் ஞாயும் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றே என்று இப்போது படுகிறது. மூன்றும் வேலை செய்யும் சொற்கள். ஒரு வேறுபாட்டைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கின்றன. வாசகரின் கேள்வி சொல்லுக்கு முன்பே பொருள் தயாராக நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. இந்த மூன்றிலும் சொல் வந்த பிறகுதான் எனக்குப் பொருளே தெரிந்தது.

4 டிசம்பர் 2023

சென்னையில் புயல் மழை. மின்சாரம் இல்லை. கைப்பேசியில் எஞ்சிய சக்தியைச் சொல் ஆராய்ச்சியில் செலவிடுவதற்கு வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது.

ஜன்னல் வழியே தண்ணீர் அடித்ததால் ஒரே ஒரு குறிப்பு. ஜன்னல் போர்ச்சுகீசியர் தந்தது. அலமாரியும் மேசையும் சாவியும் அவர்கள் தந்தவையே, ஈழத்தில் நாற்காலிக்கு வழங்கும் கதிரையும் அப்படியே. சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர்’ என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் போன்ற வடிவில் விட்ட காற்றின் வழி. இதைவிட அழகான சொல் இல்லை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். சற்றுமுன் அறைக்குள் தண்ணீர் பாய்ந்தபோது நான் கத்தியது “ஜன்னலைச் சாத்து” என்றுதான்.

21 டிசம்பர் 2023

இரண்டு வாரம் கழித்து மழை எங்கள் ஊருக்குப் போயிற்று. 17, 18 தேதிகளில் பெய்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். சென்னைக்கு ஓராண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 140தான். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோயிற்று, ஏரல் தண்ணீரில் நின்றது. 17ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு அக்காளோடு பேசியது கடைசி. பிறகு அந்த எண்ணை எத்தனை முறை அழைத்தேன் என்று கணக்கு இல்லை.

நேற்று நண்பகலில் அவரே வேறொருவர் கைப்பேசியிலிருந்து அழைத்தார். எடுத்ததும் நலமா, வீடு இருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்பதற்குள், “மழ வெறிச்சிட்டு” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

மழை நிற்பதும் வெறிப்பதும் ஒன்றில்லை. நின்ற மழை திரும்பப் பெய்யலாம். மேகம் விலகி, வானம் துலங்கி, இனி இல்லை என்று ஆவதுதான் வெறித்தல். கண் இமைக்காமல் பார்ப்பதையும் வெறித்தல் என்கிறோம், ஆளில்லாத தெருவை வெறிச்சோடியது என்கிறோம். மேகம் எல்லாம் காலி செய்துவிட்டுப் போன வானமும் அப்படித்தான் மேலிருந்து பார்க்கிறது. இந்தச் சொல்லைச் சிறு வயதில் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். மெய்ப்பில் நூறு முறை கடந்து போயிருப்பேன். பிடித்த சொல் என்று எவராவது கேட்டால் இதைச் சொல்ல வேண்டும் என்று நேற்று வரை தோன்றியதில்லை.

மூன்றாம் தேதி வேலை செய்யும் சொற்கள், வேறுபாடு என்றெல்லாம் எழுதினேன். அது பிழையில்லை. ஆனால் நேற்று நண்பகலில் நான் எந்த வேறுபாட்டையும் யோசிக்கவில்லை.

1 ஜனவரி 2024

இன்று மார்கழி பதினாறு. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையின் பதினாறாம் பாசுரம் கேட்டது. அதில் ‘மாயன் மணிவண்ணன் நென்னலே வாய்நேர்ந்தான்’ என்று வரும். நென்னல் என்றால் நேற்று. வள்ளுவர் ‘நெருநல் உளனொருவன் இன்றில்லை’ என்று சொன்ன அதே நெருநல்தான். தெலுங்கில் நின்ன, கன்னடத்தில் நின்னே, மலையாளத்தில் இன்னலெ என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் அந்தச் சாயலை வைத்துக்கொண்டிருக்க, நாம் நேற்று என்பதை எடுத்துக்கொண்டோம். வள்ளுவர் கையில் நேற்று இருந்தவன் இன்று இல்லை. ஆண்டாள் கையில் கண்ணன் நேற்றே வாக்குக் கொடுத்துவிட்டான், இன்று பெற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஒரே சொல்லின் இரண்டு வடிவங்களில் ஒன்று சாவுக்கும் ஒன்று வாக்குக்கும் வாய்த்திருப்பது தற்செயல்தான் என்றாலும், இந்த ஆண்டு முதல் வேலையாக அதை எழுதி வைக்கத் தோன்றியது.

20 ஜனவரி 2024

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். அக்காளின் வீட்டில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்ற கறை சுவர் முழுவதும் கோடு போட்டாற்போல் இருக்கிறது. அடுக்களையின் பின்சுவர் விழுந்து, அங்கணம் கல்லும் மண்ணுமாகப் புதைந்துவிட்டது. வாழைகளைப் பற்றி எழுதப் போவதில்லை.

சுவருக்காக மனு எழுத வேண்டும் என்றார். வெள்ளைத் தாளில் எழுதினேன். ‘அங்கணத்தை ஒட்டிய சுவர் முழுவதும் இடிந்து’ என்று நான் எழுதியிருந்ததைக் கணினியில் ஏற்றிய இளைஞர் நிமிர்ந்து, “ஐயா, அங்கணம்னா என்னது?” என்று கேட்டார். விளக்கினேன். “வாஷ் ஏரியாவா” என்று கேட்டுக்கொண்டு அப்படியே தட்டினார். திருவள்ளுவர் சாட்சிக்கு வரமாட்டார் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

சொல்ல வந்தது வேறு. தாளை எடுத்துப்போவதற்கு முன் அக்காள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தார். அடியில் நான் ‘இங்ஙனம்’ என்று எழுதி, அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, “அப்பா மாரியே ங போட்டிருக்க” என்றார். எனக்குப் புரியவில்லை. ஊரில் எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார் என்றும், நான் பக்கத்தில் மைப்புட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றும், கடைசியில் அந்த எழுத்து வரும்போது மட்டும் பேனாவை என் கையில் கொடுத்து, தம் கையை மேலே வைத்து எழுதவைப்பார் என்றும் சொன்னார். எனக்கு அப்போது நான்கு வயது இருக்குமாம். எனக்கு ஐந்தாம் வயது முடியும் முன்பே அப்பா போய்விட்டார்.

எவ்வளவு யோசித்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. திண்ணை நினைவிருக்கிறது, மைப்புட்டியின் தகர மூடிகூட நினைவிருக்கிறது. அந்தக் கை நினைவில் இல்லை.

நவம்பர் 4 குறிப்பில், அச்சகத்துக்குப் போவதற்கு முன் அந்தச் சொல்லோடு எனக்கு எந்த உறவும் கிடையாது என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்கப் போவதில்லை. மெய்ப்பில் செய்வதைப் போல அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக்கொள்ளவும்.